நர்சிங் பசங்களுக்கு: கிளவுஸ், மாஸ்க், கவுன் எப்போ போடணும், எப்படி கழட்டணும்

நர்சிங் படிக்கிற பசங்க கிட்ட கிளவுஸ் எப்போ போடணும்னு பேப்பர்ல கேட்டா முழு மார்க் வாங்கிடுவாங்க, டெமோ ரூம்ல பொம்மை மேல செய்யச் சொன்னாலும் அழகா செஞ்சு காட்டுவாங்க, ஆனா அதே பசங்க வார்டு போஸ்டிங் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே வெறுங்கையோட யூரோ பேக் (மூத்திரப் பை) காலி பண்ணிட்டு இருப்பாங்க. பி.எஸ்சி ஆகட்டும் ஜி.என்.எம் ஆகட்டும் ஏ.என்.எம் ஆகட்டும், எல்லா இடத்துலயும் இதே கதைதான். பல நாடுகள்ல நர்சிங் மாணவர்கள் கிட்ட எடுத்த சர்வேக்கள்லயும் பொதுவா இதுதான் தெரியுது, விஷயம் தெரிஞ்சவங்க நிறைய பேர், செய்றவங்க அதைவிட கம்மி. அதனால இந்த கைடுல எதை எப்படி போடணும்ங்கிறதோட சேர்த்து, போடாம விடுறதுக்கு நம்ம மனசு சொல்ற காரணங்களையும் ஒண்ணொண்ணா எடுத்துப் பேசப்போறேன். ரெண்டும் சேர்ந்தாதான் வார்டுல உதவும்.

முதல்ல பழக வேண்டியது ஒரே ஒரு கேள்வி. எந்த வேலையை கையில எடுத்தாலும் "இதுல என் மேல என்ன படும், எங்க படும்"னு கேளுங்க. ரத்தம், மூத்திரம், மலம், சளி, வாந்தி, சீழ், பனிக்குட நீர் இதுல ஏதாவது கைல படும்னா கிளவுஸ். டிரெஸ்ல படும்னா ஏப்ரன் இல்லன்னா கவுன். முகத்துல தெறிக்கும்னா மாஸ்க்கும் பாதுகாப்பு கண்ணாடியும். எதுவும் படாதுன்னா எதுவும் வேணாம், கை சுத்தம் மட்டும் போதும். இந்தக் கேள்வியில பேஷண்ட் யாரு, என்ன வியாதி, பாக்க எப்படி இருக்காரு, எந்த ஊரு, என்ன வேலை பாக்குறாருங்கிறது எதுவுமே இல்ல பாருங்க, அதுதான் விஷயமே. அமெரிக்காவோட சி.டி.சி 1996ல ஸ்டாண்டர்ட் பிரிகாஷன்ஸ்னு கொண்டு வந்ததோட அடிப்படையும் இதுதான், எல்லா பேஷண்டுக்கும், எல்லா நேரமும், வியாதி பேர் தெரிஞ்சாலும் தெரியலன்னாலும்.

"பேஷண்ட் நல்லாதான் இருக்காரு"

போடாம விடுறதுக்கு சொல்ற காரணங்கள்லயே ரொம்ப ஆபத்தானது இதுதான். ஹெபடைடிஸ் பி இருக்குறவர் வருஷக்கணக்கா ஒரு அறிகுறியும் இல்லாம ஆரோக்கியமா சுத்திட்டு இருப்பாரு, எச்.ஐ.வி-யும் அப்படித்தான். ரிப்போர்ட் நெகட்டிவ்னு கேஸ் ஷீட்ல இருந்தாலும் விண்டோ பீரியட்னு ஒண்ணு இருக்கு, தொத்தினதுக்கும் டெஸ்ட்ல தெரியறதுக்கும் நடுவுல உள்ள காலம். கேஷுவாலிட்டில ஆக்சிடெண்ட் கேஸ் வந்து விழும்போது ரிப்போர்ட்டே இருக்காது.

2018 மே மாசம் கேரளாவுல கோழிக்கோடு பக்கத்துல பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரில வேலை பாத்த நர்ஸ் லினியை நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சலோட வந்த ஒரு பையனை கவனிச்சாங்க, அப்போ அது நிபா வைரஸ்னு யாருக்குமே தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது. நிபான்னு உறுதியாகிறதுக்குள்ள அவங்களுக்கும் தொத்திருச்சு, மே 21 அன்னிக்கு இறந்துட்டாங்க. அவங்க மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, தன் வேலையை மனசார செஞ்சவங்க. நான் இதை இங்க சொல்றதுக்கு காரணம் ஒண்ணுதான், வியாதியோட பேரு எப்பவுமே நமக்கு லேட்டாதான் வரும், அந்தப் பேரு வர்றதுக்கு முன்னாடியே நாம அந்த பெட்டுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருப்போம். பேரு தெரிஞ்சதும் போட்டுக்கலாம்னு இருந்தா ஒரு வார்டே மாட்டிக்கும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு பழக்கம் இருக்கு, அதுவும் தப்பு. எச்.ஐ.வி பாசிட்டிவ்னு தெரிஞ்ச உடனே ரெண்டு கிளவுஸ், ரெண்டு மாஸ்க், பி.பி பாக்கறதுக்கே கவுன்னு போட்டுக்கிட்டு தூரமா நிக்கிறது. தொட்டாலோ பேசினாலோ பி.பி பாத்தாலோ எச்.ஐ.வி தொத்தாது. அந்த மனுஷனுக்கு பக்கத்து பெட்டு முழுக்க தெரிஞ்சு போகும், அதை விட பெரிய கொடுமை வேற இல்ல. 2017ல வந்த எச்.ஐ.வி எய்ட்ஸ் தடுப்பு சட்டம் இப்படி பாகுபாடு காட்டறதையும் அவங்க நிலைமையை வெளிய சொல்றதையும் தடை பண்ணுது. அதே சட்டம் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு இன்னொரு கடமையும் வெச்சிருக்கு, ரத்தத்தோட புழங்குற ஊழியர்களுக்கு பாதுகாப்பு சாதனமும் பயிற்சியும் குடுக்கணும், ஊசி குத்தினா அதுக்கான மருந்தும் குடுக்கணும். இது பசங்கள்ல நிறைய பேருக்கு தெரியாது, தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

"சிஸ்டரே போடல, நான் எப்படி போடுறது"

இதைத்தான் நான் அதிகமா கேக்குறேன், இதுக்கு சுலபமா பதில் சொல்லிட முடியாதுன்னும் எனக்குத் தெரியும். வார்டுல ஸ்டூடண்ட் தான் எல்லாருக்கும் கீழ. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட அக்கா வெறுங்கையோட ரத்தக்குழாய்ல கேனுலா போட்டுட்டு, "என்னம்மா நீ, இதுக்குப் போயி கிளவுஸ் தேடிட்டு நிக்கிற, நாங்கல்லாம் செய்யலையா"ன்னு கேட்டா அந்த இடத்துல வாயே வராது. அங்க பாடம் எடுக்க ஆரம்பிக்காதீங்க, அக்காவை திருத்துறது உங்க வேலை கிடையாது, அவங்க மனசு கஷ்டப்படற மாதிரியும் பேசக்கூடாது. உங்க கையை மட்டும் நீங்க பாத்துக்கோங்க. "ஒரு நிமிஷம் சிஸ்டர், கிளவுஸ் எடுத்துட்டு வந்துடறேன்", அவ்ளோதான். காரணம் கேட்டா "எங்க மேடம் பாத்தா திட்டுவாங்க சிஸ்டர்"னு சொல்லிடுங்க, நம்ம சி.ஐ (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், வார்டுல நமக்கு சொல்லிக் குடுக்கற டீச்சர்) மேடம் பேரை இதுக்கு தாராளமா பயன்படுத்திக்கலாம், எந்த டீச்சரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஸ்டாக் இல்லங்கிறது வேற பிரச்சனை, அது நிஜமாவே பல இடத்துல இருக்கு. பாதி நேரம் கிளவுஸ் பாக்ஸ் இன்சார்ஜ் சிஸ்டரோட பீரோவுல பூட்டி இருக்கும், ஏன்னா வெளிய வெச்சா காணாம போகும், ஸ்டோருக்கு இண்டெண்ட் எழுதிப் போட்டாலும் கேட்ட அளவு வராது. அதனால டியூட்டி ஆரம்பத்துலயே, முந்தின ஷிஃப்ட் கிட்ட ஓவர் வாங்கும்போதே, "இன்னிக்கு எங்களுக்கு டிரெஸ்ஸிங் இருக்கு, கேத்தீட்டர் கேர் இருக்கு, கிளவுஸ் வேணும் சிஸ்டர்"னு கணக்கு சொல்லி கேட்டு வாங்கி டிராலில வெச்சுக்கோங்க. ப்ரொசீஜர் நடுவுல போய் கேட்டா கிடைக்காது. சுத்தமா இல்லவே இல்லன்னா ரத்தம் படற வேலையை ஸ்டூடண்ட் செய்யக்கூடாது, "மேடம் கிட்ட கேட்டுட்டு வந்து செய்றேன் சிஸ்டர்"னு சொல்லிட்டு சி.ஐ-க்கு போன் பண்ணுங்க. அதுக்கு மேல பேசறது அவங்க பொறுப்பு. டீச்சர்ஸ் யாராவது இதைப் படிச்சா, ஒரு விஷயம் மனசாரக் கேட்டுக்கறேன், பசங்களை அனுப்புறதுக்கு முன்னாடி அந்த வார்டுல என்ன இருக்குன்னு ஒரு தடவை போய் பாருங்க. டெமோ ரூம்ல ஏழு ஸ்டெப் சொல்லிக் குடுத்துட்டு கிளவுஸே இல்லாத வார்டுக்கு அனுப்பினா அந்தப் பிள்ளை கத்துக்கறது ஒண்ணே ஒண்ணுதான், காலேஜ்ல சொல்றது எல்லாம் பரீட்சைக்குன்னு.

"பேஷண்ட் தப்பா நினைப்பாங்க"

வயசான பாட்டிக்கு ஸ்பாஞ்ச் பாத் குடுக்கும்போது கிளவுஸ் போட்டா, "ஏம்மா என்னைத் தொட அருவருப்பா இருக்கா"ன்னு கேப்பாங்க, கேட்டா நமக்கே ஒரு மாதிரி ஆயிடும். தீண்டாமையைப் பாத்து வளர்ந்த தலைமுறைக்கு கிளவுஸ் வேற மாதிரி வலிக்கும், அதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. போடறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. "பாட்டி, இந்த வார்டுல எல்லாருக்குமே கிளவுஸ் போட்டுத்தான் செய்வோம், இன்னொருத்தர் கிட்ட இருந்து உங்களுக்கு எதுவும் ஒட்டிடக்கூடாது பாருங்க". பொய் இல்ல, நிஜம் அதுதான். அப்புறம் புண், மலம், மூத்திரம் எதுவும் இல்லாத இடத்துல, சும்மா கையைப் பிடிச்சு உக்கார வைக்க, தலை வார, நெத்தியைத் தொட்டுப் பாக்க கிளவுஸ் தேவையே இல்ல. வெறுங்கையோட தொடுங்க. தேவையில்லாத இடத்துல கழட்டி வெச்சீங்கன்னா தேவையான இடத்துல போடும்போது யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இங்க இன்னொண்ணு. கிளவுஸ் ஓவரா போடறதும் பெரிய தொல்லைதான். காலைல ஒரு ஜோடி போட்டுட்டு பத்து பெட்டுக்கு அதே கையோட போறது, அதே கையோட கேஸ் ஷீட் எழுதறது, கதவு திறக்கறது, போன் எடுக்கறது. அந்த கிளவுஸ் உங்களை மட்டும்தான் காப்பாத்துது, வார்டு முழுக்க கிருமியை கொண்டு போய் பூசுது. பி.பி, டெம்பரேச்சர், மாத்திரை குடுக்கறது, சுத்தமான பெட்ஷீட் விரிக்கறது, வீல் சேர் தள்றது இதுக்கெல்லாம் கிளவுஸ் வேணாம். ஒரு பேஷண்டுக்கு ஒரு ஜோடி, அதே பேஷண்ட்லயும் அழுக்கு இடத்தைத் தொட்டுட்டு சுத்தமான இடத்துக்குப் போகணும்னா புது ஜோடி. கிளவுஸ் மேலயே சானிடைசர் தேச்சு திரும்பப் பயன்படுத்தாதீங்க, ரப்பர் கெட்டு கண்ணுக்குத் தெரியாம ஓட்டை விழும்.

"கிளவுஸ் போட்டா வெயின் தெரியல"

நியாயமான கஷ்டம்தான். பாதி காரணம் சைஸ். எஸ் சைஸ் கை இருக்குற பிள்ளை எல் சைஸ் போட்டா விரல் நுனில தொளதொளன்னு தொங்கும், வெயின் எங்க தெரியும். ஸ்டெரைல் கிளவுஸ்ல 6, 6.5, 7, 7.5னு நம்பர் இருக்கும், உங்க நம்பர் எதுன்னு முதல் வருஷத்துலயே போட்டுப் பாத்து தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மிச்சப் பாதிக்கு வழி இது: கையை சுத்தம் பண்ணிட்டு கையை இறுக்குற டூர்னிகே பட்டை கட்டி, வெறும் விரலால தடவி வெயினை முடிவு பண்ணுங்க, பக்கத்துல ஒரு மச்சமோ மடிப்போ அடையாளம் பாத்து வெச்சுக்கோங்க, அப்புறம் கிளவுஸ் போட்டு, ஸ்பிரிட் தடவி காய விட்டு, திரும்பத் தொடாம குத்துங்க. முதல்ல கொஞ்ச நாள் மெதுவாத்தான் வரும், கை பழகிடும். கிளவுஸோட ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கிழிச்சு விட்டுட்டு போடுற பழக்கம் சில இடத்துல பாக்கலாம், அது போட்டதுக்கு சமமே இல்ல, ரத்தம் படறதே அந்த விரல்லதான்.

கிளவுஸ் ஊசியைத் தடுக்காதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். குத்தினா உள்ள போயிடும், ஆனா ரப்பரைத் தாண்டி வரும்போது ஊசி வெளிப்பக்கத்துல ஒட்டின ரத்தம் கொஞ்சம் வழிச்செடுக்கப்படும், அந்த அளவுக்கு ஆபத்து குறையும். ஊசி குத்தாம இருக்க உண்மையான பாதுகாப்பு, பயன்படுத்தின ஊசிக்கு திரும்ப மூடி போடாம இருக்கறதுதான். பெட் பக்கத்துலயே ஊசியை வெட்டுற ஹப் கட்டரையும் ஊசி போடுற வெள்ளை டப்பாவையும் கொண்டு போயிடுங்க, குத்தின கையோட அங்கயே கட் பண்ணுங்க, ஊசியை டிரேல வெச்சுக்கிட்டு வார்டு முழுக்க நடக்காதீங்க.

இனி போடுற வரிசை

டியூட்டிக்கு வரும்போதே நகம் வெட்டி, நெயில் பாலிஷ் இல்லாம, வளையல், வாட்ச், கல் வெச்ச மோதிரம் எல்லாம் கழட்டிட்டு வாங்க. தலைமுடி முழுசா கட்டி இருக்கணும், ப்ரொசீஜர் நடுவுல முடியைத் தள்ளப் போன கைதான் முகத்துல படும்.

எல்லாமே போட வேண்டிய கேஸ்னா இந்த வரிசை: கை சுத்தம், கவுன், மாஸ்க், பாதுகாப்பு கண்ணாடியோ முகத்தை மூடுற ஷீல்டோ, கடைசியா கிளவுஸ். கிளவுஸ் ஏன் கடைசின்னா அது கவுனோட மணிக்கட்டு பட்டிக்கு மேல ஏறி உக்காரணும், நடுவுல தோல் தெரியக்கூடாது. எல்லாத்தையும் ரூமுக்கு வெளியயே போட்டு முடிச்சுட்டு உள்ள போங்க, உள்ள போய் கவுன் நாடா கட்டிட்டு நிக்காதீங்க.

கவுன்ல ஒரு விஷயம். பச்சைத் துணி கவுன் நனைஞ்சா ஊறி உள்ள வந்துடும், அதனால லேபர் ரூம், பெரிய டிரெஸ்ஸிங் மாதிரி இடத்துல உள்ள ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன் போட்டுட்டு மேல துணி கவுன் போடுங்க. 2020ல கொரோனா சமயத்துல திருப்பூர்ல பனியன் தைச்ச யூனிட் எல்லாம் கவரால் (உடம்பு முழுக்க மூடுற டிரெஸ்) தைக்க ஆரம்பிச்சப்போ கோயம்புத்தூர்ல இருக்குற சிட்ராங்கிற துணி ஆராய்ச்சி நிலையத்துலதான் அந்தத் துணிக்கு செயற்கை ரத்தத்தை வெச்சு உள்ள ஊடுருவுதான்னு டெஸ்ட் பண்ணாங்க. துணி எவ்வளவு தடிமன்னு பாக்கறதை விட, தண்ணி மாதிரி ரத்தம் நின்னு அழுத்தினா தாண்டி வருதாங்கிறதுதான் கணக்கு. உங்க வார்டு ஏப்ரன்ல சின்ன ஓட்டை இருந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க. கவரால் மாட்டிக்கிட்டு நிக்க வேண்டிய போஸ்டிங் வந்தா முன்னாடியே சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, நம்ம ஊரு மே மாச வெயில்ல ஏ.சி இல்லாத வார்டுல தலை சுத்தல் வரும், வந்தா வீம்பு பண்ணாம பக்கத்துல இருக்குறவங்க கிட்ட சொல்லிட்டு வெளிய வந்துடணும்.

மாஸ்க்ல ரெண்டு வகையை குழப்பிக்காதீங்க. சாதா சர்ஜிக்கல் மாஸ்க் தெறிக்கறதைத் தடுக்கும், ஃப்ளூ, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், பொன்னுக்கு வீங்கி மாதிரி துளி வழியா பரவுற வியாதிக்கு அது போதும். கலர் பக்கம் வெளிய, கம்பி மேல, மூக்கு மேல கம்பியை அழுத்தி தாடைக்கு கீழ வரைக்கும் இழுத்து விடணும். காத்துல மிதக்கற கிருமிக்கு என்95 வேணும், நம்ம வார்டுகள்ல அது மூணு வியாதிக்குதான் பெரும்பாலும்: டி.பி, தட்டம்மை, சின்னம்மை. உலகத்துல வர்ற டி.பி கேஸ்ல நாலுல ஒண்ணு கிட்ட இந்தியாவுலதான், அதனால செஸ்ட் வார்டு போஸ்டிங்ல மாஸ்க் விஷயத்துல விளையாடாதீங்க. அந்த வார்டுல ஜன்னலையும் திறந்து வைங்க, காத்தோட்டமும் பாதி பாதுகாப்பு. பேஷண்டுக்கு சர்ஜிக்கல் மாஸ்க், நமக்கு என்95, இதை மாத்திப் பண்றவங்களை நிறைய பாக்கலாம்.

என்95ங்கிறது 0.3 மைக்ரான் துகள்ல குறைஞ்சது 95 சதவீதத்தை வடிகட்டும், ஆனா முகத்தோட ஒட்டி இருந்தாதான். மேல் எலாஸ்டிக் உச்சந்தலைக்குப் பின்னாடி, கீழ் எலாஸ்டிக் காதுக்கு கீழ கழுத்துல, ரெண்டையும் குறுக்கா போடக்கூடாது. ரெண்டு கையாலயும் மாஸ்க்கை மூடிட்டு பலமா மூச்சு விடுங்க, கண்ணு பக்கமோ கன்னத்துலயோ காத்து வந்தா சரியா உக்காரல, கம்பியை ரெண்டு விரலால அழுத்தி சரி பண்ணி திரும்பப் பாருங்க. கண்ணாடி போடற பசங்களுக்கு கண்ணாடில ஆவி படிஞ்சா அதுவே மேல லீக் ஆகுதுங்கிறதுக்கு அடையாளம். உள்ள ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுட்டு மேல என்95 போடாதீங்க, ஓரமெல்லாம் இடைவெளி விழுந்துடும். தம்பிங்க தாடியோட என்95 போட்டா ஒட்டாது, செஸ்ட் வார்டு போஸ்டிங் முடியற வரைக்கும் ஷேவ் பண்ணிக்கோங்கப்பா. சின்னம்மை உங்களுக்கு வந்ததும் இல்ல, தடுப்பூசியும் போடலன்னா அம்மை பேஷண்டை எனக்கு அசைன் பண்ணாதீங்க மேடம்னு முன்னாடியே சொல்லிடுங்க, கர்ப்பமா இருக்குற மாணவிகள் கண்டிப்பா சொல்லணும்.

கண்ணு பத்தி எல்லாரும் மறந்துடறாங்க. சக்‌ஷன் போடும்போது, மூக்கு வழியா வயித்துக்கு என்.ஜி ட்யூப் போடும்போது, காயத்தை சலைன் பீச்சி கழுவும்போது, டிரெயின் காலி பண்ணும்போது, லேபர் ரூம்ல பனிக்குடம் உடையும்போது தெறிக்கும், நேரா கண்ணுக்குத்தான் வரும். பவர் கண்ணாடி பாதுகாப்பு கிடையாது, பக்கவாட்டுல திறந்து இருக்கு. கேஸ் புக்குக்கு டெலிவரி எண்ணிக்கை வேணும்ங்கிற அவசரத்துல லேபர் ரூம்ல ஓடிப்போய் நிக்கிற பிள்ளைங்களுக்கு இதைத் தனியா சொல்றேன், ஷீல்டு, ஏப்ரன், காலுக்கு பூட்ஸ் இது மூணும் போட்டுட்டு நில்லுங்க, கேஸ் ஓடிடாது. பிறந்த குழந்தையை வாங்கும்போதும் கிளவுஸ் வேணும், குழந்தை மேல அம்மாவோட ரத்தம்தானே இருக்கு.

கழட்டறதுதான் கஷ்டமே

போடும்போது எல்லாரும் கவனமா போடுவாங்க, கழட்டும்போது களைப்பு, பசி, ஹாஸ்டல் பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்படியே உருவி எறிஞ்சுட்டு போயிடுவாங்க. தொத்து சுலபமா நடக்கறது இங்கதான். அதனால மெதுவா, ஒவ்வொண்ணா.

முதல்ல கிளவுஸ். வெளிப்பக்கம் அழுக்கு, உள்பக்கம் சுத்தம்னு மனசுல வெச்சுக்கோங்க. இடது கை மணிக்கட்டு கிட்ட வெளிப்பக்கத்தை வலது கையால கிள்ளிப் பிடிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உரிங்க, உரிச்சதை கிளவுஸ் இருக்குற வலது கைல சுருட்டிப் பிடிச்சுக்கோங்க. இப்போ வெறும் இடது விரலை வலது கிளவுஸோட உள்ள, மணிக்கட்டு தோலை ஒட்டி நுழைச்சு, அதையும் உரிச்சு முதல் கிளவுஸ் மேலயே மூடுங்க. அப்படியே சிவப்பு பின்ல போடுங்க. கை சுத்தம். அடுத்து கண்ணாடி, பின்பக்க நாடாவைப் பிடிச்சு முன்னாடி தூக்கி எடுங்க, முன்பக்கம் கை படக்கூடாது. அப்புறம் கவுன், நாடாவை அவுத்து, கழுத்து தோள் பக்கம் உள்ள கை விட்டு, தலையணை உறையை உருவுற மாதிரி உள்பக்கம் வெளிய வர இழுத்து, உடம்புல படாம சுருட்டிப் போடுங்க. ரூமை விட்டு வெளிய வந்து கதவை மூடினதுக்கு அப்புறம்தான் என்95. கீழ் எலாஸ்டிக் முதல்ல, மேல் எலாஸ்டிக் அடுத்து, முன்னாடி தொடாம எடுத்துப் போடணும். திரும்ப கை சுத்தம். நடுவுல எங்கயாவது கை அழுக்கு பட்ட மாதிரி இருந்தா அங்கயே நிறுத்தி கை சுத்தம் பண்ணிட்டு தொடருங்க.

இதைப் பழக ஒரு நல்ல வழி இருக்கு. ஹாஸ்டல்ல ரெண்டு கைக்கும் கிளவுஸ் போட்டு அதுமேல வாட்டர் கலரை நல்லா பூசிட்டு கழட்டிப் பாருங்க. மணிக்கட்டுல, விரல் நுனில கலர் ஒட்டி இருந்தா வார்டுல அந்த இடத்துல மலமோ ரத்தமோ ஒட்டி இருக்கும்னு அர்த்தம். கலர் படாம கழட்ட வர்ற வரைக்கும் பழகுங்க, ரூம் மேட்டோட சேர்ந்து பண்ணா இன்னும் நல்லது, ஒருத்தர் கழட்ட இன்னொருத்தர் பாத்து சொல்லலாம்.

எந்த பின்ல எதுங்கிறது 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ஸ்ல இருக்கு. கிளவுஸ், பாதுகாப்பு கண்ணாடி, பிளாஸ்டிக் ஏப்ரன், ஊசி இல்லாத சிரிஞ்ச், ட்யூப் எல்லாம் சிவப்பு. மாஸ்க், கவுன், ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங் எல்லாம் மஞ்சள். ஊசி, பிளேடு வெள்ளை டப்பா. உடைஞ்ச ஆம்பியூல், கண்ணாடி வயல் நீலம். இது நமக்காக மட்டும் இல்ல, அந்தப் பையைத் தூக்கிட்டுப் போற ஹவுஸ் கீப்பிங் அக்காவுக்கு பல சமயம் நல்ல கிளவுஸ் கூட இருக்காது. மஞ்சள் பைக்குள்ள நீங்க போட்ட ஊசி குத்தறது அவங்க கையிலதான்.

கை சுத்தம்னு இத்தனை தடவை சொன்னேன், கிளவுஸ் போட்டிருந்தா எதுக்குன்னு கேக்கலாம். கிளவுஸ்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், வேர்வைல உள்ள கிருமி பெருகும், கழட்டும்போது படும். கை பாக்க சுத்தமா இருந்தா ஹேண்ட் ரப் 20ல இருந்து 30 செகண்ட், அழுக்கு தெரிஞ்சா சோப்பு தண்ணில 40ல இருந்து 60 செகண்ட், உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது. சி டிஃபிசில்ங்கிற பாக்டீரியாவால வர்ற வயித்துப்போக்கு பேஷண்ட்னா ஹேண்ட் ரப் போதாது, அந்த பாக்டீரியாவோட ஸ்போர் (கெட்டி ஓடு போட்ட வித்து மாதிரி) ஆல்கஹாலுக்கு சாகாது, கண்டிப்பா சோப்பு தண்ணிதான்.

ஊசி குத்திடுச்சுன்னா

பயந்து மறைக்காதீங்க, இதை கெஞ்சிக் கேட்டுக்கறேன். திட்டு விழும்னு மறைச்சுட்டு ராத்திரி ஹாஸ்டல்ல தனியா அழற பிள்ளைங்க இருக்காங்க. விரலை வாயில வைக்காதீங்க, பிழிஞ்சு ரத்தம் எடுக்காதீங்க, ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊத்தாதீங்க. ஓடற தண்ணில சோப்பு போட்டு கழுவுங்க, கண்ணுல தெறிச்சா தண்ணி இல்லன்னா சலைன்ல நல்லா கழுவுங்க. உடனே இன்சார்ஜ் சிஸ்டர் கிட்டயும் சி.ஐ கிட்டயும் சொல்லுங்க, ராத்திரி டியூட்டின்னா கேஷுவாலிட்டி டாக்டர் கிட்ட போங்க. எச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல, 28 நாள் சாப்பிடணும். மத்திய அரசோட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவோட 1097 ஹெல்ப்லைன்லயும் கேக்கலாம். பாசிட்டிவ் பேஷண்டோட ஊசி குத்தினா எச்.ஐ.வி வர வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், அதனால உயிரே போச்சுன்னு நினைக்காதீங்க. ஹெபடைடிஸ் பி-தான் பெருசு, தடுப்பூசி போடாதவங்களுக்கு 30 சதவீதம் வரைக்கும் போகும்.

அதனால ஹெபடைடிஸ் பி ஊசி மூணு டோஸ், 0, 1, 6 மாசம், வார்டு போஸ்டிங்குக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. மூணாவது முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவு வந்திருக்குன்னு பாக்கற டெஸ்ட்) பாருங்க, 10 mIU/ml-க்கு மேல இருந்தா நீங்க பாதுகாப்பா இருக்கீங்க, கம்மின்னா திரும்ப கோர்ஸ் போடணும். அட்டையை போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க, குத்தின அன்னிக்கு முதல்ல கேப்பாங்க. ஹெபடைடிஸ் சி-க்கு தடுப்பூசியே கிடையாது, அதுக்கு உங்க கவனம் மட்டும்தான்.

கடைசியா தோல் பத்தி. கிளவுஸ் போட்டா அரிக்குது, சிவக்குதுன்னு விட்டுடறவங்க இருக்காங்க. ரப்பர் கிளவுஸ் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வந்ததே ஒரு நர்ஸோட கை புண்ணானதாலதான். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கரோலின் ஹாம்ப்டன்னு ஒரு நர்ஸ், மெர்குரி கலந்த கிருமிநாசினில கை முக்கி முக்கி தோல் வெந்து போச்சு, அப்போ சர்ஜன் ஹால்ஸ்டெட் 1889-90 குளிர்காலத்துல குட்இயர் கம்பெனி கிட்ட சொல்லி அவங்களுக்காக மெல்லிசான ரப்பர் கிளவுஸ் செய்ய வெச்சாரு. அதனால உங்க கை எரிஞ்சா சொல்றதுக்கு கூச்சப்படாதீங்க. பவுடர் இல்லாத கிளவுஸ் கேளுங்க, கை நல்லா காஞ்சதுக்கு அப்புறம் போடுங்க, டியூட்டி முடிஞ்சதும் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்க, ஆனா எண்ணெய் கையோட லேட்டக்ஸ் கிளவுஸ் போடாதீங்க, ரப்பர் இளகிடும். போட்ட உடனே தடிப்பு தடிப்பா எழும்பினாலோ, மூச்சு இழுத்தாலோ, கண்ணு வீங்கினாலோ அது லேட்டக்ஸ் அலர்ஜியா இருக்கலாம், உடனே கழட்டி கையைக் கழுவிட்டு டாக்டர் கிட்ட காட்டுங்க, அதுக்கப்புறம் லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைல் கிளவுஸ் மட்டும்தான். காலேஜ் ஹெல்த் ரெக்கார்டுலயும் அதை எழுதி வைக்கச் சொல்லுங்க, நாளைக்கு உங்களுக்கே ஒரு ஆபரேஷன்னா தியேட்டர்ல இருக்குறவங்களுக்கு அது தெரியணும்.